எல்லோருக்கும் பொருந்திய மட்கார்டு

இன்றைக்கு நான் டாக்ஸிக்காரர் திருமலையைச் சந்தித்தேன்!

சித்தூர் பஸ் புத்தலப்பட்டில் டீக்கு நின்றது. நானும் இறங்கினேன். எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் ஒரு பழைய மோரிஸ் கார். உடம்பெல்லாம் கறுப்பு. இடது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்கார்டு மட்டும் பால்காபி நிறம். எருமைக்கு ஒரு கால் மட்டும் வெள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி! கார் என்றால் எனக்குச் சோறு வேண்டாம் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் அடித்தது, கண்டக்டர் திட்டினார், பஸ் போயே போய்விட்டது. நல்லதாயிற்று. இல்லாவிட்டால் இந்தக் கதை எனக்கும் கிடைத்திருக்காது, நம் வாசகசாலைத் தாளுக்கும் கிடைத்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுத்து தாறுமாறாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“ஏண்ணே, இதுக்கு மட்டும் கறுப்பு அடிக்காம விட்டுட்டீங்க?” என்று கேட்டேன்.

கதவைத் திறந்துபோட்டு, ஒரு கால் வெளியே தொங்க, அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். “மெட்ராஸ்லேர்ந்து வந்தப்பவே இந்தக் கலருதான். அடிக்கணும் அடிக்கணும்னு நெனைக்கிறேன், கை வர்ல” என்றார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எல்லாரும் புதுசப் பத்தியேதான் கேக்கறாங்க. பழசு எங்க கீதுன்னு ஒருத்தனும் கேக்கல.”

நான் கேட்டேன்.

திருமலைக்கு நாற்பது வயது இருக்கும். நகரிக்குக் கிழக்கே, வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். ஏர் பிடிக்கப் பிடிக்காமல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு டாக்டர் விற்ற இந்த மோரிஸை வாங்கிப் புத்தூரில் டாக்ஸியாக ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் சித்தூர்க் கோர்ட்டுக்கு வழக்குக்காரர்கள். மீதிப் பாதி திருப்பதிக்கு மொட்டை போடப் போகிற குடும்பங்கள். “போம்போது ஒரு மூஞ்சி, வரும்போது ஒரு மூஞ்சி. ஒருவாட்டி வேற குடும்பத்த ஏத்திக்கினு பாதி தூரம் வந்துட்டேன், அவங்களும் ஒண்ணும் சொல்லல!” என்று சிரிக்கிறார். சிரிக்கிற மனிதர்தான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு தடவைகூடப் பால்காபி மட்கார்டின் பக்கம் திரும்பவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. இந்தப் பக்கத்து டாக்ஸிக்காரர்கள் எல்லோரிடமும் உண்டு. சரிவு வந்தால் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். வண்டி தானாக உருண்டு போகும், பெட்ரோல் மிச்சம்.

சென்ற தை மாதம். எந்தெந்தக் கிராமம் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, எது ஆந்திராவிலேயே நிற்கிறது என்று முடிவாகி, டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சாக இருந்த நேரம். ஏப்ரல் ஒன்று முதல் புதுக்கோடு. திருமலை ஒரு குடும்பத்தைத் திருத்தணியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். விடிந்துகொண்டிருந்தது, ஆனால் பனி விடவில்லை. விஜயபுரத்துப் பக்கம் ஒரு ஏரிக்கரை மேல் ரோடு ஏறி இறங்கும். மேலே ஏறியதும் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தினார். வண்டி சத்தமே இல்லாமல் பனிக்குள் இறங்கியது. ஹெட்லைட் வெளிச்சம் முன்னால் போகாமல் வெறும் இரண்டு மஞ்சள் உருண்டையாக மூக்கிலேயே நின்றதாம்.

தொம்!

இடது பக்கம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிரேக்கை மிதித்து நிறுத்தி இறங்கினார். தன் கால் செருப்பே தெரியவில்லை.

“யாருப்பா அது? அடி கிடி பட்டுச்சா?”

பதில் இல்லை. ஒருவேளை தெலுங்கு ஆளாக இருக்குமோ என்று தோன்றியது.

“எவரய்யா அதி? தெப்ப தகிலிந்தா?” என்று அதையே தெலுங்கிலும் கேட்டார்.

அதற்கும் பதில் இல்லை. தவளை கத்தவில்லை, காக்கை கத்தவில்லை. ஆனால் பக்கத்தில் எங்கேயோ யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பதுபோல் இருந்தது. “சத்தம் கேட்டா பயம் இல்ல தம்பி. எவனோ சத்தம் போடாம கீறான்னு காதுக்குத் தெரியுது பாரு, அதான் பயம்.”

தடவித் தடவி முன்பக்கம் வந்து மட்கார்டின் மேல் கை வைத்தார். நல்ல ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தது. தகடு முழுக்கப் பனி ஈரம், கை வழுக்கியது. குழிக்குள் மட்டும் ஈரம் இல்லை! யாரோ அதுவரை அதில் சாய்ந்து நின்றுவிட்டு அப்போதுதான் எழுந்து போனமாதிரி உலர்ந்து கிடந்தது. அவர் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார்.

வெயில் வந்ததும் திரும்பிப் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. ரோட்டில் ரத்தம் இல்லை. வயலில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. ரோட்டோர வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

சித்தூரில் நாகேந்திரன் என்பவர் டிங்கர் ஷெட் வைத்திருக்கிறார். திருமலைக்கு நெடுநாள் பழக்கம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். நாகேந்திரன் குழியைத் தடவிப் பார்த்தார்.

“இன்னாய்யா, எவனோ தலகாணின்னு நெனச்சி சாஞ்சிக்கினான் போல கீது!”

“வெளையாடாத. இன்னா பண்ணலாம் சொல்லு.”

“தட்டுனா ஒரே நாளு வேலை. உள்ள கட்டை குடுத்து வெளிய தட்டுனா எழுந்துரும். ஆனா தகடு இஸ்து போயி கீது. எவ்ளோ தட்டுனாலும் வெய்யில்ல டப்புனு உப்பும், குளுர்ல டப்புனு அமுங்கும். ஏறுறவன் எல்லாம் யாருய்யா தட்றதுன்னு கேப்பான். மாத்தணும்னா மெட்ராஸ்ல பழைய சாமான் கடைல தேடணும், எப்ப கெடைக்குமோ பெருமாளுக்கே வெளிச்சம். நீ சொல்லு. தட்டவா, மாத்தவா?”

“தட்டு.”

நாகேந்திரன் கட்டையை உள்ளே கொடுத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். தொம்! திருமலை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதே சத்தம். ஏரிக்கரையில் கேட்ட அதே சத்தம்.

“வாணாம்.”

“அப்ப மாத்தலாம்.”

“அதுவும் வாணாம்.”

“தட்டவும் வாணாம், மாத்தவும் வாணாம், பின்ன பூசை பண்ணலாமா?”

அப்போதுதான் திருமலை நடந்ததை அரைகுறையாகச் சொன்னாராம். பனியில் கூப்பிட்டதைப் பற்றியெல்லாம் சொல்லவில்லை. ஏதோ மோதியது, என்னவென்று தெரியவில்லை என்று மட்டும். “எவனாச்சும் செத்திருந்தா அவன் செத்ததுக்கு இந்தக் குழி ஒண்ணுதான் சாட்சி. தட்டி எடுத்துட்டா நானே அதையும் கொன்னமாதிரி. மாத்திட்டு ஓட்டுனா அவன் எங்கியோ கெடப்பான், நானு பளபளன்னு அதே ரோட்ல போவேன். மொதல்ல அது யாருன்னு தெரியணும் நாகேந்திரா.”

நாகேந்திரன் போல்ட்டுகளைக் கழற்றி மட்கார்டைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். “எடுத்துக்கினு போ. என் ஷெட்ல வைக்காத. அது என்னியே பாத்துக்கினு கீது.”

திருமலை ஏரிக்கரைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். புகார் ஒன்றும் வரவில்லை என்றார்கள். அந்த ரோடு எப்படியும் ஒன்றாம் தேதிக்கு அப்புறம் நம்முடையது இல்லை என்று ஏட்டு தெலுங்கில் சொன்னார். “மனதி காதய்யா, வாள்ளனு அடுகு.” அவர்களைக் கேளு என்று அர்த்தம். மெட்ராஸ் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனால், ஒன்றாம் தேதி வரைக்கும் எங்களுடையது இல்லையே என்று சிரித்தார்கள்! செத்தானா இல்லையா என்று தெரியாத ஒருவன், எந்த ராஜ்யத்திலும் இல்லாத ஒரு ரோட்டில்.

திருமலை திருப்பதிச் சவாரியை நிறுத்திவிட்டார். இந்தக் கையோடு பெருமாள் கோயிலுக்கு ஆள் ஏற்ற மாட்டேன் என்றார். இடது சக்கரம் வெறுமையாகத் தெரிய, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, கோர்ட் சவாரி மட்டும் போய்வந்தார். வீட்டில் அவர் மனைவி இந்திராணி வாசலில் சாய்த்து வைத்திருந்த மட்கார்டின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினாள். மூடினதும் இன்னும் மோசமாக இருந்தது. புடவை குழிக்குள் அமுங்கி, யாரோ போர்த்திக்கொண்டு குந்தியிருக்கிறமாதிரி. உடனே எடுத்துவிட்டாள்.

“ஊரான் சாமியத் தூக்கிக்கினு சுத்துவான், நீ தகரத்தக் கட்டிக்கினு அழுவு” என்று திட்டினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “ஆளக் கண்டுபுட்சா இன்னா பண்ணுவ?”

“அவங்கூட்டு வாசப்படில வுழுவேன்.”

“செத்துருந்தா?”

“அப்பவும் வுழுவேன். அப்பால ஸ்டேஷனுக்குப் போவேன்.”

“அப்ப போயித் தேடு. தட்டுல கைய வச்சிக்கினு துன்னாம குந்திக்கினு கீறியே, அதுக்குப் போறதே மேலு.”

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாசியில் ஒரு காலையில் திருமலை மட்கார்டைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஏரிக்கரையைச் சுற்றி இருக்கிற கிராமங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கூரையிலிருந்து இறக்கி மரத்தடியில் சாய்த்து வைப்பார். “தைல ஒரு நாளு விடியக்காலம் இதுல எவனோ அடிபட்டுக்கினான். உங்க ஊர்ல யாராச்சும் காணோமா?” இதுதான் கேள்வி. எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்! கூட்டம் சேரும், ஆனால் பத்தடி தள்ளியே நிற்கும்.

முதல் ஊரில் ஒரு நெட்டை ஆள் முன்னால் வந்து சிரித்துக்கொண்டே தன் தோளைக் குழிக்குள் வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது. கூட்டம் சிரித்தது. அடுத்து ஒரு குட்டை ஆள் வைத்தான். அவனுக்கும் பொருந்தியது. ஒரு பெண் இடுப்பை வைத்தாள். பொருந்தியது. ஒரு பெரியவர் முழங்காலை மடக்கி வைத்தார். அதுவும். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. வைத்துப் பார்த்த நெட்டை ஆள் வீட்டுக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தான்.

“அப்ப அது யாருக்கு வேணா பொருந்தும்டா” என்றார் பெரியவர். “எடுத்துக்கினு போ நைனா. இன்னும் யாரும் அதுல சேர வாணாம்.”

அடுத்த ஊரில், கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு சண்டையே வந்துவிட்டது. அடிபட்டவன் ஆந்திராக்காரனா மெட்ராஸ்காரனா என்று!

“விடியக்காலம் ஏரிக்கரைல திரியறவன் உங்க ஊருக்காரனாதான் இருப்பான்.”

“உயிரோட இருந்தப்ப, கோடு போடறதுக்குத் தலை எண்ணுனாங்களே, அதுல எங்க ஊரு கணக்குல ஒண்ணு குறைச்சீங்க. செத்தப்பறம் எங்க தலைல கட்டுறீங்களா?”

திருமலை நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, எந்த ஊரா இருந்தாலும் அவனுக்கு ஒரு ஊடு இருக்குமில்ல, அது எதுன்னு சொல்லுங்க.” யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது ஊரில் சென்னம்மா வந்தாள். முப்பது வயதுக்குள்தான். அவள் புருஷன் திருவேங்கடம் ஐப்பசியில் வேர்க்கடலை மூட்டை ஏற்றின லாரியோடு நாயுடுபேட்டைக்குப் போனவன். மூட்டையை இறக்கின வரைக்கும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஆள் இல்லை. அவள் வீட்டுக்குப் போய் அவன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, நீவி, குழிக்குள் வைத்தாள். அது அங்கே அப்படியே உட்கார்ந்துகொண்டது. காற்று அடித்தும் விழவில்லை.

“ஐப்பசில போனவரு தைல நடந்து வந்துக்கினு இருந்திருப்பாரு. பஸ்ஸுக்குக் காசு இருந்திருக்காது” என்றாள். அழவில்லை. யாரோ விலை கேட்டதற்குப் பதில் சொல்கிறமாதிரி சொன்னாள்.

இதைச் சொல்லும்போது திருமலை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “அதுவரிக்கும் தேடிக்கினு இருந்தேன் தம்பி. அந்தச் சட்டயப் பாத்ததும், கெடைக்க வாணாம்னு வேண்டிக்க ஆரம்பிச்சிட்டேன்.”

அவளிடம் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. காரிலேயே படுத்துக்கொண்டார். காலையில் எழுந்து பார்த்தால் மட்கார்டு முழுக்கப் பனி கோத்திருக்கிறது. குழிக்குள் மட்டும் உலர்ந்து கிடக்கிறது! கிட்டே போனார். குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு நீளத் தலைமுடி. மட்கார்டின் மறுபக்கத்தில் சென்னம்மா உட்கார்ந்து முடியைக் கோதிக் கட்டிக்கொண்டிருந்தாள். விடியவிடியக் கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அடுத்த ஊருக்குக் கார் கிளம்பியதும் அவளும் பின்னாலேயே நடந்தாள். “ஏறிக்கம்மா” என்றால் ஏறவில்லை. கூரையில் இருக்கிறதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வண்டியை முதல் கியரிலேயே போட்டு மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனாராம். எதிரே வந்தவர்கள் எல்லோரும் சாவு வண்டி என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

அந்த நான்காவது ஊரில் கூட்டமே கூடவில்லை. கதவுகள் சாத்தியிருந்தன. கார் வருகிற செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. ஊர் ஊராக ஒரு தகடு வருகிறது, அது ஆளைத் தேடிக்கொண்டு வருகிறது, பொருந்துகிற ஆளை எடுத்துக்கொள்ளும் என்று! திருமலை மட்கார்டை இறக்கிவிட்டு வெறும் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கதவு மட்டும் லேசாகத் திறந்தது. ஒரு பெண் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அவள் பெயர் கிருஷ்ணம்மா.

“அண்ணா, அத்த எடுத்துக்கினு எங்கூட்டுக்கு வாங்க. சீக்கிரமா வாங்க.”

உள்ளே இருட்டில் கயிற்றுக்கட்டிலில் அவள் புருஷன் அப்பாவு கிடந்தான். தையிலிருந்தே படுக்கை. ஊரில் எல்லோரும் காத்து அடித்துவிட்டது என்று சொல்லி, மந்திரிக்கிறவரைக் கூட்டி வந்து வேப்பிலை அடித்திருக்கிறார்கள். இடது தோள் ஒரு பக்கமாக இறங்கி, கை தொங்கிக்கொண்டிருந்தது. மட்கார்டைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு அலறினான்.

“வந்துட்டாளா? நானே வரேன்னு சொன்னேனே, இவள வுட்டுரும்மா!”

“யாரு வந்துட்டாங்க?” என்றார் திருமலை.

அப்பாவு கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். “எல்லையம்மா. ரெண்டு மஞ்சக் கண்ணு. சத்தமே இல்லாம வந்தா. அட்சிட்டு, தமிழ்ல ஒருவாட்டி கேட்டா, தெலுங்குல ஒருவாட்டி கேட்டா. நானு எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டா. எதுல பதில் சொன்னா வுடுவான்னு தெரியல. வாய மூடிக்கினு வாய்க்கால்ல படுத்துட்டேன்.”

திருமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பனியில் இரண்டு பாஷையிலும் கூப்பிட்டதை அவர் இந்திராணியிடம்கூடச் சொன்னதில்லை!

“இன்னா கேட்டா?” என்றார்.

“யாருப்பா அது, அடி கிடி பட்டுச்சான்னா. அப்பால எவரய்யான்னா. கொரலு ஆம்பள கொரலாட்டம் இருந்துச்சி.”

“ஆம்பளதாண்டா! நானுதாண்டா அது!” திருமலை அவனைக் கட்டிக்கொண்டார். தோளில் கை பட்டு அவன் ஐயோ என்று கத்தினான். அந்தக் கத்தலைப் போல இனிமையான சத்தத்தைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்கிறார் திருமலை.

அப்புறம்தான் மீதியெல்லாம் வெளியே வந்தது. அப்பாவுவின் நிலம் ஊர் எல்லைக்கல் ஓரம். அவன் கிணறு கல்லுக்கு அந்தாண்டை, பக்கத்து ஊர் மண்ணில். ஒன்றாம் தேதிக்கு அப்புறம் நிலம் ஒரு ராஜ்யம், கிணறு வேறு ராஜ்யம். தண்ணீர் இறைக்கப் போனால் பிடித்துக் கொண்டுபோவார்களோ என்று தூக்கமே இல்லாமல் கிடந்திருக்கிறான். கடைசியில் விடியற்காலைப் பனியில் எல்லைக்கல்லைப் பெயர்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, கிணற்றுக்கு அப்புறமாக நட்டுவிடலாம் என்று கரை வழியாகப் போயிருக்கிறான். எல்லைக்கல்லைத் தொட்டால் எல்லையம்மன் சும்மா விடமாட்டாள் என்பது பிறந்ததிலிருந்து கேட்டது. எஞ்சின் சத்தம் இல்லாமல் இரண்டு மஞ்சள் வெளிச்சம் வந்து இடித்தால் வேறு யார் என்று நினைப்பான்? வெளிச்சத்தைப் பார்த்துக் குனிந்ததில் மட்கார்டின் அடியைக் கல்தான் வாங்கியது. கல் வாய்க்காலில் விழுந்தது, தோள் இறங்கிப்போனது, ஆள் பிழைத்தான். கட்டுக் கட்டப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்களே என்று வைத்தியத்துக்கே போகவில்லை.

அன்றைக்கே அவனை அதே காரில் ஏற்றிப் புத்தூருக்குக் கொண்டுபோய் எலும்புக் கட்டுப் போடவைத்தார் திருமலை. வழியெல்லாம் அப்பாவு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தானாம். “நெசமாவே நீதானா? நெசமாவே காரா?” சர்வேக்காரர்கள் கல் இருந்த இடத்தில் வேறு கல் நட்டுவிட்டார்கள். கிணறு இன்றைக்கும் அந்தாண்டைதான். தண்ணீர் இறைக்க யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இதோடு கதை முடிந்தது, இனி மட்கார்டைத் தட்டி எடுத்துவிடலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? திருமலையும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் மட்கார்டை எடுத்துப்போக அப்பாவுவின் வீட்டுக்கு வந்தால், வாசலில் சென்னம்மா இருக்கிறாள். முந்தின நாள் உள்ளே நடந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்பாவு அலறினதும், அவர் கட்டிக்கொண்டதும், எல்லாம். ஆனாலும் மட்கார்டை விட்டு நகரவில்லை. சட்டையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

“உன் புருஷன் இல்லம்மா இது” என்றார் திருமலை. “அவரு எங்கியோ நல்லா கீறாரு.”

“எங்க?”

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து வரிக்கும் அவரு இதுல இருந்தாரு” என்றாள் அவள். “இன்னிக்கி எங்கியும் இல்ல. நீங்க நல்லா இருங்கண்ணா, உங்க மேல பழி இல்ல. ஆனா எனுக்கு மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

மாலை வரைக்கும் பேசிப் பார்த்தார்கள். கிருஷ்ணம்மா பேசினாள். கடைசியில் திருமலை போல்ட் போட வைத்திருந்த சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு காருக்கு நடந்தார். சென்னம்மா பின்னாலேயே வந்தாள்.

“தூக்கிக்கினு போவலியா?”

“நானு மெட்ராஸ்ல வேற வாங்கிக்கறேன்.”

“சும்மா வாணாம். அவரு வரட்டும். வந்து தோள வச்சிப் பாக்கட்டும். பொருந்தலன்னா நீங்க எடுத்துக்கினு போயி தட்டிக்கோங்க.”

எல்லோருக்கும் பொருந்துகிற குழி அது. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாகேந்திரனுக்குக் கோபமான கோபம். “தட்டுனா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். இப்ப எருமை ஒடம்புல பசு கால ஒட்ட வைக்கச் சொல்றியே!” என்று திட்டிக்கொண்டேதான் பால்காபி மட்கார்டை மாட்டிக் கொடுத்தார். திருமலை மறுபடியும் திருப்பதிச் சவாரி போகிறார். சரிவில் எஞ்சினை நிறுத்துவதை விட்டுவிட்டார். பெட்ரோல் போனால் போகட்டும் என்கிறார். அந்த ஏரிக்கரை வந்தால் ஹாரனை அடித்துக்கொண்டே இறங்குகிறார்.

சென்னம்மாவின் வீட்டுச் சுவரில், திருமலை கொண்டுபோய் இறக்கின அந்தக் கறுப்பு மட்கார்டு, குழி ரோட்டைப் பார்த்தபடி சாய்ந்திருக்கிறதாம். பொழுது சாய்ந்தால் அந்தத் தெருவில் யாரும் அதன் பக்கமாக நடப்பதில்லை. அவள் மட்டும் தினம் துடைக்கிறாள்.

எனக்கு இதற்குமேல் அடிக்க முடியவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தத் தாளைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நாயுடுபேட்டைக்கு லோடு எடுத்துப்போகிற லாரிக்காரர், கடலை மண்டிக்காரர், பஸ் கண்டக்டர் யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களுக்குத் தெலுங்கில் சொல்லுங்கள். திருவேங்கடம், வயது முப்பத்தைந்துக்குள். மாநிறம், ஒல்லி. சின்ன வயதில் கடுக்கன் அறுந்து இடது காது மடல் இரண்டாகப் பிரிந்திருக்கும். பேசுவதற்கு முன்னால் ஒரு சிரிப்புச் சிரிப்பான். கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எங்கே பார்த்தாலும், வீட்டில் தேடுகிறார்கள் என்று சொல்லிப் புத்தூரில் டாக்ஸிக்காரர் திருமலையிடம் அனுப்பிவையுங்கள். எந்த ஊரிலிருந்தாக இருந்தாலும் தானே போய்க் கூட்டி வருவதாகச் சொல்கிறார்.